நஸ்ருல்லா நடந்த தூரம்

பெரிய கடை வீதியில் சில பாத்திரக் கடைக்காரர்களுக்கு நஸ்ருல்லாவைக் கண்டாலே எரிச்சல் வரும். வந்து நிற்பார். அண்டாவைத் தட்டிப் பார்ப்பார். விலை கேட்பார். கடைக்காரர் பதில் சொல்லி முடித்துக் கொஞ்ச நேரம் ஆனதும் தலையை ஆட்டிவிட்டு நாலு கடை தள்ளிப் போய் நிற்பார். அங்கேயும் அதே கதை. வீட்டில் கல்யாணம் வைத்திருக்கிறார் போல, சீர் சாமானுக்கு அலைகிறார் என்று முதலில் நினைத்தார்கள். ஆறு மாதமாகியும் ஒரு கரண்டிகூட வாங்காததால், வேலை வெட்டி இல்லாத மனுஷன் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

விஷயம் அதுவல்ல. முப்பது நாற்பது எட்டு வைத்தால் அவருக்கு மூச்சு முட்டியது. நடுவீதியில் நின்று மூச்சு வாங்கினால் நாலு பேர் கூடுவார்கள். ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டுவார். இன்னொருவர், "என்ன பாய், நெஞ்சு வலிக்குதா?" என்று தோளைப் பிடிப்பார். கடை வாசலில் நின்றால் அந்தத் தொல்லை இல்லை. விலை கேட்கிற சாக்கில் மூச்சு நிதானத்துக்கு வந்துவிடும். மனைவி ஷரபுன்னிசா கூட வந்தால் அவளும் நிற்பாள். அவளும் ஏதாவது ஒரு டிபன் கேரியரைத் திறந்து மூடிப் பார்ப்பாள். இருவரும் இதைப் பற்றித் தங்களுக்குள் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொண்டதில்லை.

நஸ்ருல்லாவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. பிறந்து வளர்ந்தது பாலக்கரை. பதினாறு வயதில் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கக் கற்றுக்கொண்டார். இருபத்து மூன்றில் குவைத்துக்குப் போய்ப் பதினோரு வருஷம் அதே வேலை. திரும்பி வந்து, சிநேகிதர் பிச்சமுத்துவோடு சேர்ந்து அரியமங்கலத்தில் ஒரு பட்டறை போட்டார். பிச்சமுத்து நசுங்கிய இடத்தில் ஒடுக்கு எடுப்பார், இவர் பெயின்ட் அடிப்பார். கதவில் கீறல் விழுந்த காரை இவரிடம் விட்டால், பழைய நிறம் எங்கே முடிகிறது, புதிய நிறம் எங்கே தொடங்குகிறது என்று சொந்தக்காரராலேயே கண்டுபிடிக்க முடியாது.

தூசி படியக் கூடாதென்று ஷட்டரை இறக்கிவிட்டுத்தான் அடிக்க வேண்டும். பெயின்ட்டும் தின்னரும் பனி மாதிரி உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். மூக்கில் ஒரு கைக்குட்டை, அவ்வளவுதான். ஒரு கோட் காய இருபது நிமிஷம் ஆகும். அந்த இருபது நிமிஷத்துக்கு வெளியே வந்து இரண்டு சிகரெட். முப்பத்தைந்து வருஷம் இப்படியே ஓடியது.

ஐம்பதில் இருமல் வந்தது. ஐம்பத்து மூன்றில் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தார். நாள்பட்ட மூச்சடைப்பு நோய் என்றார்கள். அன்றைக்கு விட்ட சிகரெட்டை அதற்குப் பிறகு தொடவில்லை. ஆனால் விட்டதற்கான நன்றியை நுரையீரல் காட்டவில்லை. காலையும் மாலையும் இன்ஹேலர் இழுத்தும் வருஷத்துக்கு வருஷம் நடை குறைந்தது. முதலில் பட்டறை போனது. தன் பங்கைப் பிச்சமுத்துவுக்கே கொடுத்துவிட்டு வந்தார். அப்புறம் பள்ளிவாசலில் மற்றவர்களோடு வரிசையில் நின்று தொழுவது போனது. கடைசியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தொழுதார். சஜ்தாவுக்காகக் குனிந்து நெற்றியைத் தரையில் வைத்தால், யாரோ நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது.

இதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாமல் போனது அண்ணன் இறந்த அன்றைக்கு.

அண்ணன் முகம்மது கனி அவரைவிட ஒன்பது வயது மூத்தவர். தகப்பன் இல்லாத வீட்டில் தம்பியைத் தூக்கி வளர்த்தவர், குவைத்துக்கு விமானம் ஏற்றியவர். அவரைச் சந்தூக்குப் பெட்டியில் வைத்துத் தூக்கியபோது நஸ்ருல்லாவும் தோள் கொடுக்கப் போனார். பன்னிரண்டு எட்டுகூட இருக்காது. கண் இருட்டியது. பக்கத்தில் வந்தவர் சட்டென்று அவர் இடத்தைப் பிடித்துக்கொண்டார். கூட்டம் கலிமா சொல்லிக்கொண்டே முன்னால் போய்விட்டது. நஸ்ருல்லா ஒரு பூட்டிய கடையின் ஷட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம் ஓர் ஆட்டோவில் ஏறி கபர்ஸ்தானுக்குப் போனார். அண்ணனின் ஊர்வலத்தையே முந்திக்கொண்டு போகும்படி ஆயிற்று. குழிக்குள் மூன்று பிடி மண் போட வேண்டும். குனிந்தார், முடியவில்லை. அண்ணன் மகன் மண்ணை அள்ளி அவர் உள்ளங்கையில் வைத்தான். நின்றபடியே போட்டார்.

மூன்றாம் நாள் மகள் ஹஃப்ஸாவைக் கூப்பிட்டார். அவள் கைலாசபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர்.

"ஏம்மா, இதுக்கு மேல ஒரு வைத்தியமும் இல்லையான்னு கேட்டுச் சொல்லு. இல்லைன்னா இல்லைன்னு தெரிஞ்சுக்கறேன்."

அவள் விசாரித்து அழைத்துப் போன இடத்தில்தான் டாக்டர் ஜெயக்குமாரைப் பார்த்தார்கள். நெஞ்சு அறுவை சிகிச்சை செய்பவர். ஸ்கேன் படத்தை விளக்குப் பலகையில் மாட்டி, நெடுநேரம் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"பாய், உங்களுக்குக் காத்து உள்ள போறதுல பிரச்னை இல்ல. உள்ள போனது வெளிய வர மாட்டேங்குது. மேல் பகுதி ரெண்டு பக்கமும் கெட்டுப்போயி, பை மாதிரி ஊதிக் கெடக்குது. கீழ்ப் பகுதி பரவாயில்ல, ஆனா விரியறதுக்கு எடமில்ல. கெட்டுப்போன மேல் பகுதியக் கொஞ்சம் வெட்டி எடுத்துட்டா, கீழ இருக்கறது வேலை செய்யும்."

கூட வந்திருந்த ஷரபுன்னிசா, "இருக்கறதே பத்தலைன்னுதானே டாக்டர் வந்திருக்கோம்? அதுலயும் வெட்டி எடுத்தா எப்படிங்க மூச்சு வரும்?" என்றாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. "சரியான கேள்விம்மா. சத்திரம் பஸ் ஸ்டாண்டுல ஒரு டவுன் பஸ் வருது. ஏறுனவுடனே படிக்கிட்ட நாலு பேரு பெரிய பெரிய மூட்டையோட நின்னுக்கறாங்க. உள்ள சீட்டு காலியா இருக்கு. ஆனா யாரும் போயி உக்கார முடியல. அந்த நாலு மூட்டையை எறக்கிட்டா பஸ்ஸு சின்னதாயிடுமா?"

பிறகு அவர் மூடி மறைக்காமல் மற்றதையும் சொன்னார். இது நோயைக் குணமாக்காது. ஆயுளைக் கூட்டும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. மாறக்கூடியது ஒன்றுதான், எவ்வளவு தூரம் நடக்கலாம், எவ்வளவு வேலை செய்யலாம் என்பது. அதுவும் எல்லாருக்கும் இல்லை. நோய் மேல் பகுதியில் மட்டும் குவிந்திருந்து, நடையும் ரொம்பக் குறைந்துபோனவர்களுக்குத்தான் பலன் அதிகம். இவர் அந்த வகை. ஆபரேஷன் ஆனவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர்வரை மூன்று மாதத்துக்குள் தவறிவிடுவதும் உண்டு.

"முதல்ல எட்டு வாரம் உடற்பயிற்சி. அதை ஒழுங்கா முடிச்சாத்தான் கத்தியைத் தொடுவேன்" என்று முடித்தார்.

பயிற்சி கொடுத்தவள் யாழினி என்ற பிசியோதெரபிஸ்ட். முதல் நாளே அவரை ஆஸ்பத்திரி நடைபாதைக்கு அழைத்துப் போனாள். முப்பது மீட்டர் தூரத்துக்கு இரண்டு முனையிலும் ஆரஞ்சு நிறக் கூம்பு வைத்திருந்தது. அவர் விரலில் ஆக்ஸிஜன் அளவு காட்டும் ஒரு கருவியை மாட்டினாள்.

"அங்கிள், ஆறு நிமிஷம். உங்களால முடிஞ்ச அளவு நடங்க. நிக்கணும்னா நில்லுங்க, ஆனா கடிகாரம் நிக்காது."

இரண்டு இடத்தில் நின்றார். நூற்று எண்பத்து நான்கு மீட்டர். அந்த எண்ணை அவள் எழுதுவதைப் பார்த்தபோது அவருக்கு ஒரு வகையில் நிம்மதியாகக்கூட இருந்தது. இத்தனை வருஷமாகக் கடை கடையாக நின்று மறைத்து வைத்த ஒன்றை யாரோ அளந்து எழுதிவிட்டார்கள். இனி மறைக்க ஒன்றுமில்லை.

வாரத்துக்கு மூன்று நாள். சைக்கிள் மிதிப்பது, ஒரு கிலோ எடையைத் தூக்கி இறக்குவது, உதட்டைக் குவித்து மெல்ல மூச்சை விடுவது. முதல் வாரம் அழுதுவிடலாம் போல இருந்தது. எட்டாவது வாரம் மறுபடி நடக்கவிட்டாள். ஒரே ஓர் இடத்தில் நின்றார். இருநூற்று இருபத்தொன்று.

"கத்தியே வைக்காம முப்பத்தேழு மீட்டர் கூடிருச்சேம்மா. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே செஞ்சா ஆபரேஷனே வேணாமோ?"

"கூடுனது உங்க கால் அங்கிள். தசைக்குப் பலம் வந்திருக்கு. பயம் கொறஞ்சிருக்கு. நெஞ்சுக்குள்ள இருக்கறது அப்படியேதான் இருக்கு. இதுக்கு மேல கால் நடக்கத் தயார், மூச்சு விடாது."

ஷரபுன்னிசாவுக்குக் கடைசிவரை மனம் ஒப்பவில்லை. "நூறுல அஞ்சுன்னு அவரே சொல்றாரு. அந்த அஞ்சுல நீங்க ஒருத்தரா இருந்துட்டா?" என்று கேட்டாள்.

நஸ்ருல்லா சொன்னார்: "அண்ணன் மவுத்தானதுக்கு நான் ஆட்டோவுல போனேன் ஷரபு."

அவள் பையில் துணிகளை அடுக்கத் தொடங்கினாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சின்னச் சின்னத் துளைகள் போட்டு, இரண்டு பக்கமும் மேல் பகுதியைக் கிட்டத்தட்ட கால்வாசி எடுத்தார்கள். சிக்கல் அதற்குப் பிறகு வந்தது. நெஞ்சிலிருந்து வரும் குழாய், கட்டிலுக்குக் கீழே தண்ணீர் ஊற்றிய ஒரு புட்டிக்குள் போனது. அவர் இருமும்போதெல்லாம் அந்தத் தண்ணீரில் குமிழி வந்தது. தைத்த இடத்தில் காற்றுக் கசிகிறது என்று பொருள். நாலைந்து நாளில் நின்றுவிடும் என்றார்கள். நிற்கவில்லை. ஒன்பதாம் நாளும் நிற்கவில்லை. ஷரபுன்னிசா தரையில் உட்கார்ந்து, கையில் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு, அந்தப் புட்டியையே பார்த்தபடி இருப்பாள்.

"இப்ப ஒண்ணு வந்துச்சு" என்பாள்.

"எண்ணாதே."

"எண்ணல. பாக்கறேன்."

பன்னிரண்டாம் நாள் காலையில் அவர் வேண்டுமென்றே பலமாக இருமினார். தண்ணீர் அசையாமல் இருந்தது. மறுபடி இருமினார். ஷரபுன்னிசா நர்ஸைக் கூப்பிட ஓடினாள்.

வீட்டுக்கு வந்தவுடன் எல்லாம் மாறிவிடும் என்று நினைத்திருந்தார். மாறவில்லை. விலா எலும்புகளுக்கிடையே நெருப்பு வைத்த மாதிரி வலி. குளித்துவிட்டு வந்தால் படுக்க வேண்டியிருந்தது. ஆறு வாரம் கழித்து யாழினி நடக்கவிட்டபோது இருநூற்று முப்பத்தெட்டுதான் வந்தது. இவ்வளவு பாடுபட்டதற்குப் பதினேழு மீட்டரா என்று அவர் நடைபாதை நாற்காலியில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டார். யாழினி ஆறுதல் சொல்லவில்லை. "திங்கக்கிழமை சைக்கிள்ல ரெண்டு நிமிஷம் கூட்டப்போறேன்" என்று மட்டும் சொன்னாள்.

மாற்றம் எந்த நாளில் வந்தது என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. நாலாவது மாதம் ஒரு மதியம், வீட்டில் தொழும்போது, யோசிக்காமல் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் முட்டி போட்டார். நெற்றியைத் தரையில் வைத்தார். நெஞ்சின் மேல் யாரும் ஏறி உட்காரவில்லை. சொல்ல வேண்டிய துதியை மூன்று தடவை சொல்லி முடித்த பிறகும், அப்படியே கொஞ்ச நேரம் கிடந்தார். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த ஷரபுன்னிசா, ஏதோ ஆகிவிட்டதென்று பதறி ஓடிவந்தாள். அவர் எழுந்து உட்கார்ந்து அவளைப் பார்த்து லேசாகச் சிரித்தார்.

ஆறாவது மாதம் முந்நூற்றுப் பதினெட்டு. ஓர் இடத்திலும் நிற்கவில்லை.

அந்த வாரமே இருவரும் பெரிய கடை வீதிக்குப் போனார்கள். நஸ்ருல்லா பேசிக்கொண்டே நடந்தார். நடந்துகொண்டே பேச முடிந்ததே அவருக்கு ஒரு புதுமையாக இருந்ததால் நிறையப் பேசினார். ஒரு கட்டத்தில் பதில் வரவில்லையே என்று திரும்பினால் பக்கத்தில் அவள் இல்லை. ஐந்தாறு கடைக்குப் பின்னால், ஒரு வளையல் கடையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலது காலைத் தரையில் ஊன்றாமல் நின்றிருந்தாள்.

"என்ன ஷரபு?"

"ஒண்ணுமில்ல, நீங்க போங்க. வரேன்."

"கால் வலிக்குதா?"

"முட்டிதான். ரொம்ப நாளா இருக்கு."

"எத்தனை நாளா?"

அவள் கணக்குப் போட்டாள். "நாலு வருஷம் இருக்கும்."

நஸ்ருல்லாவுக்குக் கோபம் வந்தது. "ஏன் சொல்லல?"

"எதுக்குச் சொல்லணும்? நீங்க நிக்கிறப்ப நானும் நின்னுக்கிட்டேன். எனக்கும் வசதியாத்தான் இருந்துச்சு."

தனக்காக அவள் மெல்ல நடக்கிறாள் என்று இத்தனை வருஷம் மனசுக்குள் கூசிக்கொண்டிருந்தார். ஒரு தடவைகூட அவள் காலைப் பார்க்கத் தோன்றவில்லை. மூச்சில்லாத மனுஷனுக்குத் தன் மூச்சைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது என்பது அவருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

அதற்குப் பிறகு கறிக்கடையும் காய்கறியும் அவர் வேலையாயிற்று. மாடியில் துணி காயப் போடுவதும் அவர்தான். முட்டிக்கு டாக்டரிடம் அழைத்துப் போகும் நாளில், ஆட்டோவை வாசலுக்குக் கூட்டிவர இவர் தெருமுனைவரை நடப்பார். அவளுக்கு முதலில் இது பிடிக்கவில்லை. வெண்டைக்காயை முற்றலாகப் பொறுக்கிக்கொண்டு வருகிறார் என்று தினம் ஒரு புகார். பிறகு பழகிப்போயிற்று.

இரண்டு வருஷம் இப்படி நன்றாகவே போனது. மூன்றாவது வருஷம் நடந்து பார்த்தபோது இருநூற்று எண்பத்தொன்று. நஸ்ருல்லா டாக்டர் ஜெயக்குமாரிடம் நேராகவே கேட்டார்.

"திரும்பப் பழைய மாதிரி ஆயிடுவேனா டாக்டர்?"

"மெல்ல எறங்கத்தான் செய்யும் பாய். மிச்சம் இருக்கற நுரையீரலுக்கும் அதே நோய்தானே? ஆனா நூத்தி எண்பத்து நாலுலேர்ந்து எறங்கியிருந்தா இன்னிக்கு எங்க இருந்திருப்பீங்கன்னு நெனைச்சுப் பாருங்க. பயிற்சியை விட்டுடாதீங்க."

அவர் நினைத்துப் பார்த்தார். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் பழைய மாதிரி ஒளித்து வைக்கத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஷரபுன்னிசாவிடம் எண்ணைச் சொன்னார். "சரி, எனக்கு இனிமே ரொம்ப முன்னாடி ஓட மாட்டீங்க" என்றாள் அவள்.

அந்தச் சமயத்தில்தான் யாழினி ஓர் உதவி கேட்டாள். ஸ்ரீரங்கத்தில் ஒரு பெரியவர், சௌரிராஜன் என்று பெயர், பொன்மலை ரயில்வே பணிமனையில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் இதே நோய். ஆனால் நோய் நுரையீரல் முழுக்கப் பரவியிருந்ததால், ஆபரேஷன் செய்தால் கெடுதல்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனம் உடைந்துபோய்ப் பயிற்சிக்கும் வர மறுக்கிறார். "நீங்க ஒரு தடவை பேசிப் பாருங்க அங்கிள்."

நஸ்ருல்லாவுக்குத் தயக்கம். ஆபரேஷன் கிடைத்தவன், கிடைக்காதவரிடம் போய் என்ன பேசுவது? இருந்தாலும் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பஸ் ஏறி, கீழச் சித்திரை வீதியில் அந்த வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தார். சௌரிராஜன் முன்னறையில் சாய்வு நாற்காலியில் இருந்தார். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் இல்லை. ஆனால் ஒவ்வொரு வாக்கியத்துக்கு நடுவிலும் மூச்சுக்காக நிறுத்தினார்.

"வாங்கோ... உக்காருங்கோ. யாழினி சொன்னா. ஒங்களுக்கு ஆபரேஷன் பண்ணிட்டா. நேக்கு... ஆகாதுன்னுட்டா."

"ஆமாங்க."

"எவ்வளவு நடக்கறேள்?"

"இருநூத்தி எண்பத்தொண்ணு. போன வருஷம் இதைவிட அதிகம் நடந்தேன். எறங்கிக்கிட்டு இருக்கு."

இப்படி ஒரு பதிலைச் சௌரிராஜன் எதிர்பார்க்கவில்லை போலும். சற்று நிமிர்ந்து பார்த்தார்.

"பெருமாளைச் சேவிச்சு... ரெண்டு வருஷமாறது. கோபுரம் இங்கேர்ந்து தெரியறது. போக முடியல. பயிற்சி பண்ணினா... அங்கே போயிடுவேனா?"

"அது எனக்குத் தெரியாதுங்க" என்றார் நஸ்ருல்லா. "எனக்கு ஆபரேஷனுக்கு முன்னாடி, வெறும் பயிற்சியில மட்டும், முப்பத்தேழு மீட்டர் கூடுச்சு. அது கத்தி குடுத்தது இல்ல, கால் குடுத்தது. உங்களுக்கும் கால் இருக்கு."

சௌரிராஜனின் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

"முப்பத்தேழு மீட்டர்னா... எவ்வளவு?"

நஸ்ருல்லா எழுந்து வாசலுக்குப் போனார். தெருவில் இறங்கி, எட்டுகளை எண்ணிக்கொண்டு நடந்தார். ஐம்பத்து சொச்சம் எட்டில் நின்றார். பேப்பர் விற்கிற ஒரு பெட்டிக்கடைக்கு எதிரில் வந்திருந்தார். திரும்பி வந்து சொன்னார்.

"பேப்பர் கடை வரைக்குங்க."

"அவ்வளவுதானா?" என்ற சௌரிராஜன், பின்பு தானே சொன்னார்: "பேப்பர் தெனமும் பக்கத்தாத்துப் பையன்தான் வாங்கிண்டு வந்து போடறான். அவனுக்கு எப்ப ஒழியறதோ அப்பதான் வரும். சில நாள்... சாயங்காலம் ஆயிடும்."

"காலைப் பேப்பரைச் சாயங்காலம் படிச்சா என்னங்க ருசி இருக்கும்?"

அந்த மனிதர் முதல் முறையாகச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க இரண்டு நிமிஷம் ஆயிற்று. நஸ்ருல்லா அவசரப்படவில்லை, தண்ணீர் பாட்டிலை நீட்டவில்லை, நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்கவில்லை. அடங்கும்வரை காபியைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"யாழினி வகுப்பு என்னிக்கு?" என்று கேட்டார் சௌரிராஜன்.

"திங்கள், புதன், வெள்ளி. நான் புதன்கிழமை போறேங்க."

"அப்ப நானும் புதன்லேர்ந்தே ஆரம்பிக்கறேன்" என்று சொல்லிவிட்டு, உள்ளே திரும்பி மனைவியிடம் தன் செருப்பு எங்கே இருக்கிறது என்று விசாரித்தார்.